நெடி வராத மிளகாய்

செவ்வாய் இரவு, கிள்ளான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி சரசுவின் பேரனுக்குப் பெயர் வைத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. என் மகளுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. சிறுவயதிலிருந்தே நல்லதெல்லாம் சரசுவுக்குத்தான். நான் எதையும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே பிள்ளைக்குக் காய்ச்சல். கிளினிக் மருந்துக்கும் இறங்கவில்லை.

இன்று சரசு கூப்பிட்டாள். "நீதான் பெரியவ அக்கா, வந்து சுத்திப் போடு லா."

உப்பையும் காய்ந்த மிளகாயையும் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. ஒருவரும் இருமவில்லை. கண் பட்டது உறுதி.

"எந்தக் கொள்ளிக்கண்ணோ! எதுத்த வீட்டுக்காரிதான், அன்னிக்கே பாத்தேன்," என்றாள் சரசு. நானும் தலையாட்டிவிட்டேன்.

யூதர்களுக்கு மோசே கொண்டுவந்த கட்டளைகளில் கடைசி, அடுத்தவருடையதற்கு ஆசைப்படாதே என்பதாம். சர்ச்சுக்குப் போகும் மருமகள் ஒருமுறை சொன்னாள். கொலை, திருட்டோடு இதையுமா சேர்ப்பார்கள் என்று அப்போது சிரித்தேன். எனக்கென்று உள்ளது போதும் என்று இன்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமையும் வா அக்கா, உன் கைதான் ராசி," என்கிறாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சுற்றுவது?