அப்பாவின் மூச்சுப் படங்கள்

அன்புள்ள அக்கா,

கதிர்வீச்சு சிகிச்சை பாதி முடிந்ததால், அப்பாவின் நுரையீரலை மறுபடி படம் எடுத்தார்கள். திரையில் அது விடிகாலை மேகம் போல இருந்தது. காற்று போகும் இடம் வெளிச்சம், போகாத இடம் இருட்டு. இனி கதிர்வீச்சு, நன்றாக வேலை செய்யும் அந்த வெளிச்சப் பகுதியைத் தொடாமல் சுற்றிப் போக வேண்டுமாம்.

இந்தப் படத்தை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். ஒன்றில் அவர்கள் தரும் வாயுவை உள்ளே இழுக்க வேண்டும். இன்னொன்றில் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். நுரையீரலின் அசைவை வைத்தே கணினி கணக்கிட்டுவிடும். இரண்டு படமும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் மார்பு முழுக்க ஒரே வெளிச்சம். அப்பா நீச்சல் மாஸ்டர் ஆயிற்றே, நெஞ்சை நிமிர்த்தி இழுத்து விட்டிருக்கிறார்.

"சார், இது போட்டி இல்ல. சும்மா மூச்சு விடுங்க," என்றார் டெக்னீஷியன்.

"சும்மா விடுறதுதாம்மா கஷ்டமா இருக்கு," என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுபடி எடுத்ததும் இரண்டும் ஒத்துப்போயின. வெளிச்சம் ஓரமாக, நிலாத்துண்டு போல மிதந்தது. "இத பத்திரமா வச்சுக்கணும்," என்றார் டாக்டர், அந்த வெளிச்சத்தைத் தொட்டுக் காட்டி.

"படம் நல்லா வந்திருக்குன்னு மட்டும் அக்காவுக்கு எழுது," என்றார் அப்பா. எந்தப் படம் என்று சொல்லவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

உன் அறையைக் கூட்டி, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

உன் தங்கை