சொல்லாமல் விட்ட காரணம்

பினாங்கு
12 மே 1946

அன்புள்ள சகினாவுக்கு,

ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நலம். அம்மா சுகமா? ஜப்பான்காரன் வந்ததும் தபால் நின்றது. பிறகு எனக்கும் எழுதக் கை வரவில்லை.

தம்பி ஷரீஃபின் கடிதம் கண்டு தலை சுற்றியது. நாலு வருஷமாகப் புருஷனைக் காணோம் என்று சொல்லிக் கோர்ட்டில் நிக்காஹை முறித்துக்கொண்டாயாமே! நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். மார்க்கம் தெரிந்த பெண் செய்கிற காரியமா இது? நீ போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள்?

மெஹபூப் அலி


தேனாம்பேட்டை
2 ஜூன் 1946

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாமி அழுதார். நானும்தான் அழுதேன். நீங்கள் இருப்பதே தீர்ப்புக்குப் பிறகு, பினாங்கிலிருந்து திரும்பிய கலீமுல்லா பாய் சொல்லித்தான் தெரியும். அங்குள்ள உங்கள் மனைவி, இரண்டு பிள்ளைகள் பற்றியும் சொன்னார். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மார்க்கம் என்கிறீர்களே, நம் ஹனஃபி வழியில் காணாமல்போனவனின் வயதொத்தவர்கள் எல்லாம் மவுத்தாகிப் போய்ச் சேரும்வரை அவன் மனைவி காத்திருக்க வேண்டுமாம். மாலிக்கி என்ற இன்னொரு வழியில் நாலு வருஷம் போதும். மார்க்கம் படித்த ஆலிம்களே அதைக் காட்டிக் கேட்டுத்தான் சர்க்கார் சட்டம் போட்டது. அதிலும் ஒரு கொக்கி. தீர்ப்பான ஆறு மாதத்துக்குள் புருஷன் வந்தோ ஆள் அனுப்பியோ 'சேர்ந்து வாழத் தயார்' என்றால் தீர்ப்பு ரத்து. எனக்கு அந்தத் தவணை செப்டம்பரில் முடிகிறது.

'இரண்டு வருஷமாகச் சோறு போடவில்லை என்று எழுதுவோம், அதற்கு இந்தத் தவணை கிடையாது' என்றுதான் வக்கீல் சொன்னார். நான் ஒப்பவில்லை. நாலு பேர் நடுவில் உங்களைக் கஞ்சி ஊற்றாதவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. காணோம் என்றால் யாருக்கும் குறையில்லையே என்று நினைத்தேன். அந்த மரியாதைக்காவது செப்டம்பர்வரை சும்மா இருங்கள். நான் எங்கே போனாலும் மாமி என்னோடுதான்.

சகினா


பினாங்கு
20 ஜூலை 1946

அன்புள்ள சகினாவுக்கு,

சேர்ந்து வாழத் தயார் என்று கையெழுத்துப் போட்டு, என் சார்பாக ஆஜராக ஷரீஃபுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டேன். இப்போது ஊருக்கு வரத் தோதில்லை. ஆனாலும் என் மனைவி இன்னொருவன் வீட்டில் இருக்கிறாள் என்று நாளைக்கு ஜமாஅத்தில் பேச்சு வரக்கூடாது பார். பெயருக்காவது நீ என் மனைவியாக இரு. கோபிக்காதே.

மெஹபூப் அலி


தேனாம்பேட்டை
30 செப்டம்பர் 1946

மச்சான் அவர்களுக்கு,

தீர்ப்பு ரத்தாகிவிட்டது. "எப்போது வருகிறார்?" என்று ஜட்ஜ் கேட்டார். "சீக்கிரம்" என்றார் ஷரீஃப், என் முகத்தைப் பார்க்காமல். பொய் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, மயிலாப்பூர் அம்மாளுக்குத் தைக்க வேண்டிய ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனுக்கு இன்னாடி வெக்கம்? இத்தினி வருசமா ரவிக்க தச்சி, எனுக்கும் சேத்து கஞ்சி ஊத்திக்கினு கீறது நீ. அவன் இன்னா ஊத்துனான்? பெத்தவ நானே வந்து சொல்றேன், எந்த கோர்ட்டுல சொல்லணும்?" என்றார்.

நாளைக்கு இருவரும் வக்கீலிடம் போகிறோம். இந்த முறை கஞ்சி ஊற்றவில்லை என்றே எழுதச் சொல்லப்போகிறேன். முதல் சாட்சி உங்கள் அம்மா. தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாது.

அதுவரை,
இன்னும் உங்கள் மனைவி,
சகினா