அக்கறையில்லை என்று எழுதிய அட்டை

அண்ணை,

இன்று மத்தியானம் என்னிடம் பயிலும் வெள்ளைக்கார மாணவி ஒருத்தி ஒரு நோயாளியின் அட்டையை நீட்டினாள். சிகிச்சைக்குக் குறித்த இரண்டு தவணை வராதவராம். "பற்களில் அக்கறையில்லை" என்று நீல மையில் எழுதியிருந்தாள். அதை வாங்கிய என் கையைப் பார்த்தேன். உங்கள் அட்டையில் இதையே எழுதிய கை இது.

எண்பதுகளின் கடைசி. லண்டனில் நான் பல் மருத்துவம் நாலாம் வருடம். நீங்கள் நோயாளிக் கதிரையில் சாய்ந்ததும் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து, "பிள்ளை தமிழோ?" என்று முகம் மலரக் கேட்டீர்கள். பக்கத்தில் என்னோடு படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்றார்கள். வாயைத் திறக்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன மண்டைக்கனம் எனக்கு!

மேல்வாய் முன்பல் மூன்று பழுது. நாலு தடவை வந்தால் வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றியிருக்கலாம். ஒருமுறை வந்தீர்கள், அடுத்த இரண்டு தவணை வரவில்லை. அக்கறையில்லை என்று அட்டையில் எழுதினேன். அதை வாசித்த மேற்பார்வை மருத்துவர், இப்படியானவர்களுக்குப் பல்லைக் கழற்றுவதுதான் வழி என்றார். மறுபடி வந்தபோது நான் ஆங்கிலத்தில் விளக்க, "ஓம், ஓம்" என்று தலையாட்டினீர்கள். விளங்காமல்தான் ஆட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கழற்றினேன்.

பஞ்சைக் கடித்தபடி கோட்டுப் பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து நீட்டினீர்கள். உங்கள் அகதி விண்ணப்பத்துக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு வரச் சொன்ன கடிதங்கள். நீங்கள் என்னிடம் வராத அதே இரண்டு நாட்கள்! எல்லாருக்கும் கேட்கத் தமிழில் கத்திவிட்டேன்: "ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை?"

பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "எனக்கு இங்கிலீசு வராது. பிள்ளைக்குத் தமிழ் வராதாக்கும் எண்டு நினைச்சன்."

ஐயோ, என்னை ஒரு ஏச்சு ஏசியிருக்கலாமே.

உங்களைத் தேடி ஈஸ்ட் ஹாம் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வந்தபோதுதான், அங்கே ஞாயிறுதோறும் வேதாகம வாசகம் வாசித்தவர் நீங்கள் என்று அறிந்தேன். அன்று கடைசி வாங்கில் வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தீர்கள். கட்டுப்பல் போடக் கூப்பிட்டேன். "அந்தக் கதிரையில இனி இருக்கேலாது, பிள்ளை" என்றீர்கள். பிறகு நீங்கள் வாசிக்கவேயில்லை. போன மாதம் உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வேறு யாரோ தட்டித்தடுமாறி வாசித்தார்கள். அழக்கூட எனக்கு முகமில்லை.

"ஏன் வரவில்லை என்று அவரைக் கேட்டாயா?" என்று அந்த மாணவியிடம் கேட்டேன்.

"அவருடைய மொழி எனக்குத் தெரியாதே" என்றாள்.

ஏச வாயெடுத்தேன், ஏசாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்கு மொழி தெரியாது, அண்ணை. எனக்குத் தெரியும்.