ஒவ்வொரு சொல்லாக

அன்புள்ள அம்மாவுக்கு இசக்கியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

திருவொற்றியூரில் நான் வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் சிறுமி பெனிஷா நேற்று வீட்டைக் குளமாக்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா, "ஷூவ கழட்டு, கை கழுவு, துன்ன வா" என்று ஒரே மூச்சில் சொன்னார். அவள் ஷூவோடு போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"வேணும்னே பண்ணுது" என்று அக்கா கையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். எனக்கே ஆச்சரியம்தான். "இவளைப் பெற்றவர் கர்ப்பமாக இருந்தபோது குடித்திருக்கிறார். அது கெடுதல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் குடியால் இவள் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. அடித்தால் புரியாது, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்" என்றேன். பிறகு, "குழாய்" என்றேன். பெனிஷா மூடினாள். "ஷூ" என்றேன். கழற்றினாள்.

"இன்னாமே, வாயே தொறக்காத பொண்ணு நீ, உன் பேச்சத்தான் கேக்குது" என்று அக்கா சிரித்துவிட்டார். இன்று அவரும் ஒவ்வொன்றாகத்தான் சொல்கிறார்.

என் பள்ளிக்கூடப் பையில் கலர் பென்சில் இருக்கும், அனுப்பு. ஷூ, குழாய், தட்டு என்று வரிசையாக வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். நம் வீட்டுப் பருப்புப் பொடியும் கொஞ்சம்.

போனில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்காதே அம்மா. ஒன்று கேட்டுவிட்டுப் பொறு. சேர்ந்து வந்தால் எனக்கும் பதில் வராது, அழுகைதான் வருகிறது.

குழாய்ச் சத்தம் கேட்கிறது, ஓடுகிறேன்.

இசக்கி