பரிசலைத் தொடர்ந்து வந்த கோடு

மைசூர், அக்ரஹாரம்
17-11-1996

சிரஞ்சீவி ஸ்ரீகுமாருக்கு அம்மா மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், அப்பா, ஸ்மிதா மூவரும் சாமுண்டேஸ்வரி புண்ணியத்தில் சௌக்கியம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் சௌக்கியம் என்று சொல்ல முடியாது, அதன் காரணத்தைக் கீழே எழுதுகிறேன். அங்கே அந்தக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் சிநேகிதன் கொண்டுவந்து கொடுத்த பெட்டி வந்து சேர்ந்தது. ஸ்வெட்டர் எனக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் சூடாக இருக்கிறது. அப்பாவுக்கு நீ அனுப்பிய மீன் காட்டும் மெஷினைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும் இருக்கப்போகிறது, பொறுமையாகப் படி. நீ மீன் பிடிப்பதில்லை, ஏரியின் ஆழம் பார்க்கத்தான் அதை வாங்கினாய் என்று உன் சிநேகிதன் சொன்னான். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னான். கேட்பதற்கு முன்பே ஏன் சொன்னான் என்று நான் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்காதே.

உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ரயில்வே சிக்னலில் வேலை பார்த்தவர், டிக் டிக் என்று எது சத்தம் போட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவார். பக்கத்து வீட்டு லிங்கப்பன் காரிலிருந்து பேட்டரியைக் கடன் வாங்கி வந்து, முதல் நாளே மெஷினை நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்தார். தொட்டிக்குள் மூன்று மீன் இருப்பதாகத் திரையில் படம் வந்தது. நான் அந்தத் தண்ணீரில் சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தொட்டியை முழுக்க இறைத்துக் கழுவியதில், காணாமற்போன ரின் சோப்பு டப்பா ஒன்று கிடைத்தது, மீன் எதுவும் இல்லை. ஆழமில்லாத தண்ணீரில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து மெஷினைக் குழப்புமாம், மிதக்கிற எதையும் அது மீன் என்று காட்டிவிடுமாம். இதையெல்லாம் அப்பா மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டது தொட்டியைக் கழுவிய பிறகு.

அதற்கப்புறம் எங்களுக்குப் பாடம் ஆரம்பமானது. தண்ணீருக்குள் விடுகிற அந்தக் கறுப்புக் குமிழ் கீழே சத்தத்தை அனுப்பும், அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எத்தனை நேரம் ஆகிறதோ அதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடும், அடியில் தடிமனாக வருவது தரை, நடுவில் வில்லைப் போல வளைந்து வருவது மீன் என்றார். மீன் எதற்கு வில்லாக வளைய வேண்டும் என்று ஸ்மிதா கேட்டுவிட்டாள். கேட்டது தப்பாகப் போயிற்று. என்னைக் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து நீதான் பரிசல் என்றார். ஸ்மிதா மீன். அவள் வாசலிலிருந்து கொல்லைப்பக்கம் வரை குறுக்கே நடக்க வேண்டும், அப்பா அடிக்கு ஒரு தரம் டேப்பை வைத்து அவளுக்கும் எனக்கும் உள்ள தூரத்தை அளந்து, பழைய காலண்டரின் பின்பக்கம் புள்ளி வைத்தார். வரும்போது தூரம், நேரே வரும்போது கிட்டே, போகும்போது மறுபடி தூரம். புள்ளிகளைச் சேர்த்தால் வில் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நடுவில் டி.வி.யில் ஏதோ வந்தது என்று ஸ்மிதா என் எதிரிலேயே நின்றுவிட்டாள், அப்பா விடாமல் அளந்து புள்ளி வைத்துக்கொண்டே போனார், அது நேர்கோடாக நீண்டுகொண்டே போயிற்று. மீன் நகராவிட்டால் கோடு என்று அதன் கீழே எழுதி வைத்தார்.

இப்போது ஸ்மிதாவின் விஷயத்துக்கு வருகிறேன். பாங்க்கில் வேலை பார்க்கும் நிகில் என்ற பையனின் ஜாதகம் பொருந்தியிருப்பதாக முன்பே எழுதியிருந்தேன். பையனின் அப்பா சந்திரன் மாமா, எதைக் கேட்டாலும் யோசித்துச் சொல்கிறோம் என்பார். சரஸ்வதி பூஜைக்கு முன்பிருந்து யோசிக்கிறார். இந்தப் பக்கம் ஸ்மிதாவும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அவன் ரொம்ப இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். நான் ராத்திரி தூங்காமல் கிடந்தது உனக்குத் தெரியாது. அப்பாதான் ஒரு யோசனை சொன்னார், இரண்டு குடும்பமும் கன்னம்பாடி அணையின் பின்நீர்ப் பக்கம் ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், மனசு விட்டுப் பேசினாற்போல இருக்கும் என்று. அவருக்கு மனசு விட்டுப் பேசுவதைவிட மெஷினைப் பெரிய தண்ணீரில் விடுவதுதான் முக்கியம் என்பது எனக்குத் தெரியாதா.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். நான் புளியோதரை, தயிர்சாதம் செய்து எடுத்துக்கொண்டேன், பையனின் அம்மா பிரதிபா மாமி பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய நீர்மோர் கொண்டுவந்திருந்தாள். பரிசல்காரன் மாதப்பன் ஹனூர்ப் பக்கத்து ஆள், நல்ல தமிழ் பேசுகிறான். பரிசலில் அப்பாவும் சந்திரன் மாமாவும் ஏறினார்கள், பேட்டரியை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார்கள். மாமி, ஸ்மிதா, நிகில் மூவரும் கரையிலேயே இருந்துவிட்டார்கள். கிளம்பும்போது மாமி ஓடிவந்து பரிசல் விளிம்பில் என்னவோ செய்துவிட்டுப் போனாள், நான் பேட்டரியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. திரையில் குட்டிக் குட்டி வில் வந்தது, அப்பா இது கெண்டை, இது கெளுத்தி என்று நேரில் பழகியவர் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். சந்திரன் மாமாவும் முதல் முறையாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்தவர்தான் கேட்டார், எல்லாம் வில்லாக வளைகிறதே, இந்தக் கறுப்புக் கோடு மட்டும் ஏன் முடியவே இல்லை என்று. தரைக்கு மேலே, எங்களுக்குக் கொஞ்சம் கீழே, தடியாக ஒரு கோடு திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்க்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு ரயில் பெட்டி நீளம் இருக்கும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தப் பக்கம் முதலை உண்டா என்று மாதப்பனைக் கேட்டார். அவன் எட்டிப் பார்த்து, "முதலைன்னா மூக்கைத் தூக்குமுங்க, இது தூக்கலீங்க" என்றான். அப்படியானால் இது என்ன என்று மாமா கேட்டதற்கு, மூக்கைத் தூக்காத முதலையோ என்னவோ என்று சொல்லிவிட்டுத் துடுப்பை வேகமாகப் போட்டான். வேகமாகப் போனாலும் கோடு கூடவே வந்தது. பரிசல் சுற்றினாலும் விடவில்லை. "பாச்சு, அது நம்மளையே பார்த்துண்டு வரது" என்று மாமா அப்பாவின் முழங்காலைப் பிடித்தார். அந்தப் பிடிதான் இன்னும் வலிக்கிறதாம்.

நானும் பேட்டரியை இறுகக் கட்டிக்கொண்டேன். ஸ்மிதா கல்யாணத்தைப் பார்க்காமலே போகப்போகிறேன், உன்னையும் ஒரு தரம் பார்க்காமலே போகப்போகிறேன் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா கரையைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார். அப்போதுதான் எனக்குக் கூடத்து நாற்காலி ஞாபகம் வந்தது. நகராமல் நின்றால் கோடு. திரையில் குறுக்கே ஓடுவது நீளம் இல்லையே, நேரம் அல்லவா. எங்கே போனாலும் எங்களோடு அதே தூரத்தில் இருக்கிற ஒன்று என்றால், அது எங்களோடு கட்டிய ஒன்றாகத்தானே இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். குமிழுக்குப் பக்கத்திலேயே பரிசல் விளிம்பில் ஒரு கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மோர் குளிரட்டும் என்று மாமி தூக்கை அடியில் தொங்கவிட்டிருக்கிறாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதே நேரம் சந்திரன் மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, பெங்களூரில் இன்னொரு ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் இழுத்தடித்தேன் என்று அழாத குறையாகச் சொன்னார். பிறகு சாமுண்டேஸ்வரி மலை இருக்கிற திசையைப் பார்த்து, "தாயே, கரை சேர்த்துடு. தை பொறந்ததும் நிகிலுக்கும் ஸ்மிதாவுக்கும் முகூர்த்தம் வெச்சுடறேன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நல்ல வேண்டுதலை நடுவில் தடுக்கக் கூடாது. இது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும், அப்பாவிடம் போனில் உளறாதே.

கரையில் என்ன நடந்தது தெரியுமா. அப்பா கத்தியதைக் கேட்டதும் நிகில் குடையை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு, பூட்ஸும் இஸ்திரி போட்ட பேண்ட்டுமாகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். நெஞ்சளவு வந்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்று நினைவு வந்து அப்படியே நின்றிருக்கிறான். ஸ்மிதா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு போய்க் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். நாங்களும் கரைக்குக் கிட்டே வந்துவிட்டோம். தண்ணீர் ஆழம் குறைய, தூக்கு தரையில் முட்டி டங்கென்று சத்தம் கேட்டது, மாமா கடித்துவிட்டது என்று எழுந்து நின்றார், பரிசல் கவிழ்ந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அப்பா மெஷினை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னையும் பேட்டரியையும் ஆற்றோடு விட்டுவிட்டார். லிங்கப்பன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் தினமும் காலையில் அப்பாதான் அவர் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுக்கிறார்.

பிரதிபா மாமி கயிற்றை இழுத்துத் தூக்கை எடுத்து, துடைத்து, திறந்து, எல்லாருக்கும் மோர் ஊற்றினாள். ஜில்லென்று இருந்தது. விஷயம் புரிந்ததும் சந்திரன் மாமாவுக்கு உடம்பு காய்வதற்கு முன்பே புத்தி திரும்பிவிட்டது. தப்பாக நினைத்துப் பயந்து வேண்டிக்கொண்டதெல்லாம் கணக்கில் வராது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். மாமி அவர் கையில் டம்ளரைக் கொடுத்து, சாந்தமாகச் சொன்னாள்: "நீங்க வேண்டிண்டது அம்பாளைப் பார்த்து. தூக்கைப் பார்த்து இல்லை." அவர் மோரைக் குடித்தார். அப்புறம் இன்னொரு டம்ளர் கேட்டார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம், மறுநாள் மாமி வெற்றிலை பாக்கு, பூவோடு வீட்டுக்கே வந்து உறுதி செய்துவிட்டாள்.

நான் ஸ்மிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியவர்கள் கூத்துக்காக நீ தலையாட்ட வேண்டாம், உன் மனசில் என்ன என்று கேட்டேன். கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, "நீஞ்சத் தெரியாதுன்னு தெரிஞ்சப்பறமும் அவன் திரும்பலைம்மா. அங்கயேதான் நின்னுண்டிருந்தான்" என்றாள். எனக்கு அது போதும். உனக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

தை மாதத்தில் முகூர்த்தம், தேதி குறித்ததும் போன் செய்கிறோம். இப்போதே லீவு சொல்லிவை, டிக்கெட்டைக் கடைசி நிமிஷத்துக்கு வைக்காதே. பெட்டியில் இனி எந்த மெஷினும் வேண்டாம், அப்பா பின்னால் தனியாகக் கேட்டு எழுதினாலும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக்கொள், பனியில் பார்த்து நட. எல்லா க்ஷேமமும் நல்ல புத்தியும் தந்து அம்பாள் உன்னைக் காப்பாற்றட்டும்.

முக்கியமான விஷயம், பத்து நாள் முன்னாலேயே வந்து சேர். நிகிலுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். தானே கற்றுக்கொடுப்பதாக ஸ்மிதா சொன்னாள், கல்யாணத்துக்கு முன் அது அழகில்லை என்று அப்பா தடுத்துவிட்டார், அதனால் அண்ணா வரட்டும் என்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல், அண்ணா வராவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொன்னாள்.

இப்படிக்கு
உன் அம்மா
கனகலக்ஷ்மி