பதினேழாவது கேள்வி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி எழுது. போனில் கேட்டால் “இருக்கோம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். இந்த விஷயத்தை என்னாலும் போனில் சொல்ல முடியாது. இங்கே கூடத்தில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒருநாள் பஸ் நிறைய ஆட்கள். சிக்னலில் நிற்கும்போது உடம்புக்குள் அடுப்பு மூட்டியதுபோல் சூடு ஏறியது. கழுத்தெல்லாம் வியர்வை, ஸ்டியரிங்கில் கை வழுக்குகிறது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. “என்னாச்சு, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்களே” என்று கண்டக்டர் ஓடிவந்தார். பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். என் கையை நானே நம்பாமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

மாதவிடாய் நிற்கிற வயதில் இப்படி வரும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அந்த ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு புது மாத்திரையை ஆராய்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று அவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபத்துநான்கு வாரம், தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். திட்டாதே.

உன்
வாலு


பிப்ரவரி 15

வாலுக்கு,

கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திட்டாதே என்றால் என்னடி அர்த்தம்? உன்னை வைத்துச் சோதனை செய்ய வேறு ஆளே கிடைக்கவில்லையா? வேளாவேளைக்குச் சாப்பிடு. ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு.

ஒன்று எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு. அத்தானுக்கு நெஞ்சுவலி வந்ததால் நான் பள்ளிக்கூட வேலையை விட்டேன் என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள்? அதனால் இல்லை. அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு வருடமாகச் சரியான தூக்கமே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நானே போர்டில் எழுதிய கணக்கு, அதற்கு அடுத்த வரி வரவில்லை. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன் பெஞ்சில் ஒருத்தி மெதுவாக, “மிஸ், கொஞ்சம் உக்காருங்க மிஸ்” என்றாள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தானின் நெஞ்சுவலி அப்போது கைகொடுத்தது.

இது உன்னோடு இருக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் அதில் இருந்ததை என்னோடு வைத்துக்கொள்ளவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சூடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, தூக்கமும் வருகிறது. மருந்து மாத்திரைதான் எனக்கு விழுந்திருக்கிறது என்று பந்தயமே கட்டுவேன். போன வாரம் டாக்டரம்மா, “நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். அவர் கையிலிருந்த தாளில் வியர்வை, தூக்கம், மூட்டுவலி என்று பதினாறு கேள்விகள். எனக்கு உன் போர்டுதான் கண்முன் வந்தது. என் அக்கா என்று சொல்லவில்லை. தெரிந்த ஒரு டீச்சர் என்று சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதனால எத்தனை பேர் வேலைய விட்டாங்கன்னு நாங்க கேக்கவே இல்லையே” என்றார். அனுமதி வாங்கி, கடைசி நாளில் எல்லோரிடமும் கேட்கப்போகிறார்களாம். பதினேழாவது கேள்வி. அந்தக் கேள்வி எழுதிய தாளையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

வாலு


அக்டோபர் 9

அக்கா,

ஆறு மாதம் ஆகிறது. போன் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். “உங்கக்கா வேலையா இருக்கா” என்கிறார். அவருக்கே சங்கடமாக இருக்கிறது.

ஆய்வு முடிந்து முடிவைச் சொல்லிவிட்டார்கள். மருந்து எடுத்தவர்களுக்குச் சூடு நன்றாகவே குறைந்திருக்கிறது. நான் அதில் இல்லை. எனக்குக் கொடுத்தது வெறும் மாவு மாத்திரை! டிப்போவில் ஒரே சிரிப்பு. “மாவு தின்னே சரியாப்போச்சாம்” என்கிறார்கள். எனக்கும் முகம் தொங்கிவிட்டது. டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, “நீங்க ஒருநாள்கூட விடாம எழுதியிருக்கீங்க. உங்களை மாதிரி ஆளுங்க இல்லேன்னா மருந்து வேலை செஞ்சுதுன்னு எதோட ஒப்பிட்டுச் சொல்றது?” என்றார். அதன் பிறகு டிப்போவில் நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

இன்னொன்று. இருநூற்று நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் பதினேழாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு, அக்கா. நீ தனியாள் இல்லை.

உன் பதிலுக்காக,
வாலு


அக்டோபர் 21

என் தங்கைக்கு,

கோபம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ அனுப்பிய தாளை மூன்று மாதம் பிரிக்கவே இல்லை. கிழித்துப் போடலாம் என்று எடுத்தவள் படித்துத் தொலைத்தேன். வேலையை விட்டீர்களா, ஆம், இல்லை. இது ஒரு கேள்வியா? விட நினைத்து விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவள் எதைக் குறிப்பாள்? சின்ன வேலைக்கு மாறிக்கொண்டவள்? என்னைப்போல் வேறு காரணம் எழுதிக் கொடுத்தவள்? அப்படியானால் முப்பத்தெட்டு என்பதே குறைவான கணக்குத்தான்.

சிவப்பு மையில் திருத்தி, போன மாதம் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினேன். தெரிந்த டீச்சர் என்று இல்லை, என் பெயரைப் போட்டு. உன் டாக்டரம்மா போன் செய்தார். “அடுத்த ஆய்வுக்குக் கேள்வி தயாரிக்கிற குழுவுல நீங்க இருக்கணும். நீங்களா வர்றீங்களா, நான் வந்து கூட்டிட்டுப் போகட்டுமா?” என்றார். மாணவி டீச்சரிடம் கேட்பது மாதிரி இருந்தது.

அத்தானிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “எனக்காக நீ வேலைய விட்டேன்னுதானே ஊரெல்லாம் பெருமையா சொன்னேன். நீ தூங்காம கிடந்ததை நான் ஒருநாளும் கேக்கலையே” என்றார். பிறகு எழுந்துபோய், நான் குழுவுக்கு எடுத்துப்போக வேண்டிய தாள்களை அடுக்கி வைத்தார்.

நீ மாவு தின்று நூற்று அறுபத்தெட்டு நாள் எழுதியிருக்கிறாய். சிரிக்கிறவர்களை ஒரு வாரம் எழுதிக் காட்டச் சொல். என் தங்கை என்று எனக்குத் தலைக்கனமே வருகிறது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதல் கூட்டம். லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நில். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், “இவங்கதான் என் அக்கா” என்று நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா