என் பையில் இருந்த சாவி

1998 ஜூலை, செவ்வாய் இரவு

தங்கவயல் ரயில்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து சேரும் என்று, நான் வேலை பார்க்கும் பெங்களூர் ஒக்கலிபுரம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இன்று பெங்களூரில் ரோடு தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்களாம். சிக்னல் போய், ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எங்கள் ரயில் மாலூருக்கு முன்னாலேயே இரண்டு மணி நேரம் நின்றது. தினமும் சேர்ந்து வருகிறவர்கள் வழக்கம்போல டப்பாக்களைத் திறந்து பகிர்ந்து சாப்பிட்டோம். மேரி அக்காவின் இட்லி மட்டும் எனக்கு நாலு. சிரித்த சிரிப்பில் சாவி நினைவே இல்லை.

போய்ப் பார்த்தால் பூட்டிய கதவுக்கு முன்னால் ஒன்பது பேர், சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு. டாக்டரிடம் இன்னொரு சாவி உண்டு. ஆனால் அதே வெட்டில் அந்தத் தெருவில் போன்களும் செத்துக் கிடந்தன; அவரைக் கூப்பிட வழியில்லாமல் போயிருக்கிறது. ஒரு பெரியவர் படியிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பாவம், நீயும் ரயில்ல மாட்டிக்கினு பட்டினியாத்தான் வந்திருப்பே. மொதல்ல ஒரு டீ குடிம்மா" என்றார்.

சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பரவால்ல ஐயா" என்று கதவைத் திறந்து, முதலில் அவரை உட்கார வைத்து ஊசியை எடுத்தேன்.

நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன். அவரே சட்டையை மடித்து அடுத்த கையை நீட்டினார்.